எதிர்ச்சாரியில் நிற்பது யார்?

திருநாவுக்கரசுக்கு எழுபது வயதாகிறது. இந்த எழுபது வயதில் அவர் எந்தப் பெண்ணின் சேலையையும் கவனித்ததாகச் சரித்திரம் இல்லை. மனைவி உயிரோடு இருந்த காலத்தில், தீபாவளிக்குப் புதுச்சேலை கட்டிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றால், "சாம்பார்ல உப்புப் பத்தல" என்று சொன்ன மனிதர்.

அப்படிப்பட்டவர் வருஷத்துக்கு ஒருநாள், தைப்பூசத் தேருக்கு முந்தின நாள் மட்டும், தங்கையைக் கூப்பிட்டுக் கேட்பார்.

"நாளைக்கு என்ன கலரு கட்டப் போறே, ஜெயா?"

இத்தனை வருஷமும் ஜெயலெட்சுமி அதைப் பாசம் என்றே எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம்தான் அது உறுத்தியது. புக்கிட் மெர்தாஜாமில் அவள் பார்த்த காட்சி அப்படி.

போன வாரம் நடந்ததைச் சொல்ல இரண்டே வார்த்தை. தோழி வீட்டு நிச்சயதார்த்தத்துக்குத் தீவிலிருந்து கடல் தாண்டி அக்கரைக்குப் போனவள், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் காப்பிக் கடையில் அண்ணனைப் பார்த்தாள். கண் டாக்டரிடம் போகிறேன் என்று காலையில் கிளம்பிய அதே அண்ணன். எதிரே சக்கர நாற்காலியில் எண்பதைத் தாண்டிய ஒரு சீன அம்மா. அண்ணன் காப்பியைத் தட்டில் ஊற்றி, ஊதி ஆற்றி, அந்த அம்மாளின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜெயலெட்சுமி உள்ளே போகவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கிளினிக்ல ஒரே கூட்டம் லா" என்றார். "அப்படியா" என்று அவளும் சாப்பாடு எடுத்து வைத்தாள்.

அன்றைக்குப் பிடித்த சந்தேகம் இன்னும் இறங்கவில்லை.

ஜெயலெட்சுமியும் பிறப்பால் சீனப் பெண்தான். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரியும். அறுபத்திரண்டில், சீனர் கணக்கில் புலி வருஷத்தில் பிறந்தவள். புலி வருஷத்துப் பெண்பிள்ளை பெற்றவர்களுக்கு ஆகாது என்று அந்தக் காலத்தில் பலர் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். வாங்கிக்கொள்ளத் தமிழ் வீடுகள் இருந்தன. இரண்டு அடுக்களைகளுக்கு நடுவில் இரண்டு பெண்கள் பேசி முடித்துக்கொள்ளும் விஷயம் அது. பெற்றவர்கள் சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள், விலாசம் தெரியாது என்று அம்மா ஒருதடவை சொன்னார். அவள் மறுதடவை கேட்கவில்லை.

கேட்கும்படி யாரும் அவளை வைக்கவில்லை என்பதுதான் உண்மை. சுங்கை பினாங்கில் அவர்கள் இருந்த பலகை வீட்டு வரிசையில் எந்தக் கதவும் பகலில் சாத்தியிருக்காது. எந்த வீட்டில் பசித்ததோ அந்த வீட்டில் சாப்பிட்டாள். அவள் முகம் வேறு மாதிரி என்று ஒரு பிள்ளையும் சொன்னதில்லை. இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது, ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் இரும்புக் கதவு, அதில் இரண்டு பூட்டு. லிஃப்டில் ஏறினால் சீனத்தில் பேசுகிறார்கள். அவள் தமிழில் பதில் சொன்னால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். போன மாதம் கோயிலில் ஒரு வாலிபன், "ஆன்ட்டி, எவ்ளோ அழகா தமிழ் பேசுறீங்க" என்று கை தட்டினான். சீனத்தில் திட்டக்கூடத் தெரியாத ஜென்மம் அவள். வீட்டுக்கு வந்து நாள் முழுக்க ஆத்திரம் ஆறவில்லை.

அந்தப் பழைய நாட்களைப் பார்த்தவர் என்று அவளுக்கு இப்போது மிச்சம் இருப்பது அண்ணன் ஒருவர்தான். அப்பா, அம்மா, கட்டிய கணவர், எல்லோரும் போயாயிற்று. அந்த அண்ணன் பொய் சொல்கிறார் என்றால் அவள் வேறு யாரிடம் போய்க் கேட்பது?

ஆகவே அவளும் ஒரு பொய் சொன்னாள். "மஞ்சள் கட்டுறேன் அண்ணே" என்றாள்.

மறுநாள் காலை நீலம் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

அண்ணன் கையில் இருந்த காப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார். "மஞ்சள்னு சொன்னே?"

"மனசு மாறிடுச்சு. ஏன், இது நல்லால்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. போய் மாத்திட்டு வா."

"நல்லா இருந்தா எதுக்கு மாத்தணும்?"

ஜெயலெட்சுமியின் மகள் காமினி அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். முப்பத்து மூன்று வயது, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் அலுவலக வேலை, கல்யாணப் பேச்சை எடுத்தால் காதில் இயர்ஃபோன் கம்பியை மாட்டிக்கொள்பவள். "மாமா, நீங்க எப்பத்திலேருந்து ஃபேஷன் பார்க்க ஆரம்பிச்சீங்க? யாராச்சும் கேர்ள்ஃபிரெண்ட் கத்துக் குடுத்தாங்களா?"

சாதாரணமாக இந்த மாதிரிக் கிண்டலுக்கு அவர் சிரித்துவிடுவார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். ஜெயலெட்சுமி சன்னல் பக்கம் ஒதுங்கிக் கேட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அவர் மறுபடி அடித்தார். மறுபடியும் அதேதான்.

"யாருக்கு அண்ணே இவ்வளவு காலையில?"

"பிச்சைமுத்துக்கு. தேருக்கு வர்றானான்னு கேட்டேன்."

நண்பர் பிச்சைமுத்து முந்தாநாள்தான் மகன் வீட்டுக்குக் கோலாலம்பூர் போயிருந்தார். பஸ் ஏற்றிவிட்டவரே அண்ணன்தான். ஜெயலெட்சுமி தலைக்குப் பூ வைத்துக்கொண்டாள்.

தேர் பார்க்க அவர்களுக்கென்று ஓர் இடம் உண்டு. பழைய சீன மருந்துக்கடைக்கு நேர் எதிர் முனை. நிழல் கிடையாது, தண்ணீர்ப் பந்தல் கிடையாது, உட்கார ஒரு கல்கூடக் கிடையாது. மருந்துக்கடை இப்போது காப்பியில் படம் வரைந்து கொடுக்கும் கடையாகிவிட்டது. அதன் வாசலில் மட்டும் பழையபடியே தேங்காய் மலை. சிவப்புச் சட்டை போட்ட சீனப் பிள்ளைகள், தேர் வந்ததும் சிதற அடிப்பதற்காகத் தயாராக நின்றார்கள்.

"மாமா, அந்தப் பந்தல்ல ஃபேன் இருக்கு, மோர் இருக்கு. அங்க போய் நின்னா சாமி கோவிச்சுக்குமா?" என்றாள் காமினி.

"இங்கதான் நிக்கணும்."

"அதான் ஏன்?"

"அம்மா காலத்திலேருந்து இங்கதான். நில்லு."

ஜெயலெட்சுமிக்கு அந்த முனை சின்ன வயசிலிருந்தே பிடிக்காது. தேர் இடது பக்கத்திலிருந்து வரும். எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். அவளை மட்டும் அம்மா தோளைப் பிடித்து நேராக நிறுத்துவார். அவள் தலையைத் திருப்பினால் மோவாயைப் பிடித்து மறுபடி நேரே வைப்பார். "இப்படியே நில்லு. சிரி." தேர் முன்னால் வரும்வரை எதிர்ச்சாரித் தேங்காயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும். சாமிக்குப் பாதி வழியிலேயே முகம் காட்டுவது மரியாதை இல்லை போலிருக்கிறது என்று அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அந்தக் காரணத்தோடு அறுபது வருஷம் ஓட்டிவிட்டாள்.

இன்றைக்கு அது ஓடவில்லை. சாமி பார்ப்பதற்கா நிறுத்தினார்கள்? வேறு யாரோ பார்ப்பதற்கா?

"காமினி," என்றாள், அண்ணனுக்குக் கேட்கும்படி. "எனக்கு ஒரு ஞாபகம் உண்டு, உன்கிட்ட சொல்லியிருக்கேனா? பள்ளிவாசல் சாலையில, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்துல, ஹைதர் மாமா நாசி கண்டார் சோத்துக்கடை வச்சிருந்தாரு. ஒருநாள் உன் மாமா என்னைத் தூக்கிட்டுப் போய் அங்க அரிசி மூட்டைக்குப் பின்னால ஒளிய வச்சாரு. கண்ணாமூச்சி. ஹைதர் மாமா ரோஸ் சிரப் தண்ணி கலந்து குடுத்தாரு. அன்னிக்கு ராத்திரி அங்கயே தூங்கிட்டோம். என் வாழ்க்கையிலேயே அதுதான் ரொம்பச் சந்தோஷமான நாளு."

"ராத்திரியுமா? யாரும் தேடி வரலியா?"

"அதான் எனக்கும் இப்ப தோணுது. ஏன் அண்ணே, அந்த விளையாட்டுல நம்மளைத் தேடினது யாரு?"

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பழசையெல்லாம் எதுக்கு இப்ப கிளறுறே? தேர் வர்ற நேரத்துல?"

அவர் குரலில் இருந்தது கோபம் அல்ல, பயம். அறுபது வருஷம் கூடவே வளர்ந்தவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா?

காமினி தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று கூட்டத்துக்குள் போனாள். மேளச் சத்தம் தூரத்தில் கேட்டது. அண்ணன் திரும்பி நின்று மறுபடியும் தொலைபேசியைக் காதில் வைத்து, மறு காதை விரலால் அடைத்துக்கொண்டார். ஜெயலெட்சுமி யோசிக்கவே இல்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போய்விட்டாள்.

தேங்காய் மலைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குடை விரித்திருந்தார்கள். அதன் ஓரமாக நின்று, தான் வழக்கமாக நிற்கும் முனையைத் திரும்பிப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த இடத்தை இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறாள். நடுவில் மறைப்பு எதுவும் இல்லை. ஒரு மனுஷியை நிறுத்திவைத்துக் காட்டுவதற்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

அண்ணன் திரும்பினார். தங்கை இல்லை. இடதும் வலதும் ஒருமுறை பார்த்தார். பிறகு நேராக இந்தக் குடையைப் பார்த்துக் கையைத் தூக்கி, பொறு என்பதுபோல் சைகை காட்டினார். தன்னைக் கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். இல்லை. அவர் பார்வை அவளுக்குப் பக்கத்தில் இருந்தது.

குடைக்குக் கீழே சக்கர நாற்காலி. அதே சீன அம்மா. பின்னால் முக்காடு போட்ட பணிப்பெண் ஒருத்தி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த அம்மாள் இவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு, முதலில் ஹொக்கியன் சீனத்தில் என்னவோ சொன்னாள். இவள் நகராததால் மலாயில் சொன்னாள். "கொஞ்சம் தள்ளி நில்லும்மா. மறைக்குது."

ஜெயலெட்சுமி தள்ளி நின்றாள். பசாரில் பேசிப் பழகிய மலாயில் கேட்டாள். "யாரைப் பாக்குறீங்க?"

"என் மகளை. அந்த முனையிலதான் வந்து நிப்பா. இன்னிக்கு மஞ்சள் சேலைன்னு சொன்னாங்க. இன்னும் காணோம்." பின்னால் திரும்பி, "ரொஸ்னா, உன் கண்ணுக்காவது தெரியுதா?" என்றாள்.

"இல்ல பாட்டி. ஃபோனை வேற நீங்க வீட்டுலேயே விட்டுட்டு வந்துட்டீங்க."

ஜெயலெட்சுமி குடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "கிட்டப் போய்ப் பேசலாமே நீங்க?"

"பேசக்கூடாது. அப்படித்தான் ஏற்பாடு." அந்த அம்மாள் முன்பின் தெரியாதவர்களிடம் மனம்விட்டுப் பேசுகிற ரகம். பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். "புலி வருஷம்னு சொல்லி என் மாமியார் அவளைக் குடுக்க வச்சா. அஞ்சு வருஷம் எனக்குத் தூக்கமே இல்ல. ஒருநாள் வீட்டுக்காரரைக் காடி எடுக்கச் சொல்லித் திரும்பக் கேட்டுப் போயிட்டேன். பிள்ளையை எங்கயோ ஒளிச்சு வச்சுட்டாங்க. மறுநாளும் போனேன். வாசல்லயே உக்காந்து அவளும் அழுதா, நானும் அழுதேன்."

"அவள்னா?"

"வளர்த்தவ. அவளேதான் அப்புறம் சொன்னா. வருஷத்துக்கு ஒருநாள் தேருக்குக் கொண்டுவந்து நிறுத்துறேன், நல்லா பாத்துக்கோ, ஆனா கிட்ட வராதேன்னு. சொன்ன வாக்கைக் கடைசிவரைக்கும் காப்பாத்தினா. இப்ப அவ மகன் கூட்டிட்டு வர்றான். நல்ல பையன்."

எழுபது வயசுப் பையன் எதிரே வியர்த்துப்போய் நின்றுகொண்டிருந்தார்.

அரிசி மூட்டையும் ரோஸ் சிரப்பும் ஜெயலெட்சுமியின் கண்முன் வந்து நின்றன. அவள் சிரித்துக்கொண்டு ஒளிந்திருந்த அந்த நேரத்தில் இந்த அம்மாள் வாசலில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அவளுடைய சந்தோஷமான நாளை யாரோ அவள் கையிலிருந்து பிடுங்கியதுபோல் இருந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

"வளர்த்தவங்கதான் இப்ப இல்லையே," என்றாள். "இப்பவாவது பேசலாமே?"

"கேட்டேனே அந்தப் பையன்கிட்ட. போன வாரங்கூடக் கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரியுமாம். என்கூடப் பேச இஷ்டமில்லைன்னு சொல்லிட்டாளாம்." அந்த அம்மாள் முகத்தில் வருத்தம்கூட இல்லை, பழகிப் போயிருந்தது. "அவ கோவம் நியாயம்தான். குடுத்தவ நான்தானே."

ஜெயலெட்சுமி குனிந்து நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டாள். அதன்மேல் இருந்த கையைத் தொடத் துணிச்சல் வரவில்லை.

"இருங்க," என்றாள். "நான் போய் அவளைக் கூட்டிட்டு வரேன்."

"வரமாட்டா."

"வருவா."

சாலையில் தொண்டர்கள் கயிறு பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். மேளம் நெருங்கிவிட்டது. அவள் கயிற்றுக்குக் கீழே குனிந்து ஓடி வந்து அண்ணன் முன்னால் நின்றபோது மூச்சு வாங்கியது. அவர் எங்கே போனாய் என்று கேட்கவில்லை.

"என்ன சொன்னாங்க?" என்றுதான் கேட்டார்.

"பேச இஷ்டமில்லைன்னு நான் எப்ப அண்ணே சொன்னேன்?"

அவர் தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டார்.

"எனக்கு எல்லாம் தெரியும்னு சொன்னீங்களாம். எனக்கு என்னா தெரியும்? சிங்கப்பூர்னுதானே தெரியும்? அம்மா சொன்னது பொய். அதையாவது மன்னிக்கலாம், பெத்த மாதிரி வளர்த்தாங்க, பயந்துட்டாங்க. நீங்க ஏன் சொன்னீங்க?"

"எனக்கு அப்ப பன்னெண்டு வயசு, ஜெயா." அவர் குரல் எழும்பவில்லை. "அந்தக் காடி வாசல்ல வந்து நின்னதும் அம்மா உன்னைத் தூக்கி என் கையில குடுத்து ஓடுடான்னாங்க. சுங்கை பினாங்கிலேருந்து பள்ளிவாசல் சாலை வரைக்கும் ஓடினேன். நீ தோள்ல உக்காந்துக்கிட்டு இன்னும் வேகம், இன்னும் வேகம்னு சிரிச்சே. அன்னிக்குப் பிடிச்ச பயம். இன்னும் விடல."

"இப்ப எனக்கு அறுபத்து மூணு வயசு அண்ணே. இனிமே யாரு வந்து என்னைத் தூக்கிட்டுப் போவாங்க?"

"எனக்கும் தெரியுது. ஆனா பயமா இருக்கே."

அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் ஜெயலெட்சுமி அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "வாங்க. தேர் வந்துட்டா ஒரு மணி நேரத்துக்குத் தாண்ட முடியாது. நீங்கதான் சொல்லி வச்சீங்க, நீங்களே வந்து இவதான்னு சொல்லுங்க."

அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். பிறகு அப்படியே நின்றுவிட்டார். அவர் கண் அவள் தோளுக்கு மேலே எதிர்ச்சாரியில் நிலைத்திருந்தது.

அவளும் திரும்பினாள்.

குடைக்குக் கீழே, சக்கர நாற்காலியின் முன்னால் காமினி மண்டியிட்டிருந்தாள். வாங்கி வந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அந்த அம்மாளின் வாயில் மெல்லச் சாய்த்துக் கொடுத்தாள். வழிந்ததைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள். அந்த அம்மாள் அவள் கன்னத்தைத் தட்டிக் காதில் ஏதோ சொல்ல, ரொஸ்னா சிரித்தாள். முன்பின் அறியாதவர்களின் சிரிப்பு இல்லை அது.

முதல் தேங்காய் சாலையில் விழுந்து உடைந்தது. அடுத்ததும், அதற்கடுத்ததும் விழுந்தன. வெள்ளித் தேர் நடுவில் வந்து எதிர்ச்சாரியை மறைத்துக்கொண்டது.

"காமினிக்கு அவங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அண்ணன்.

ஜெயலெட்சுமி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். இந்தத் தடவை அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பிடித்திருந்த சட்டைக் கையை அவள் விடவில்லை.